பிளக்ஸில் படிக்கக் கற்றவள்

எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். முதல் நாளே அட்டை போகும். அப்புறம் யாராவது ஒருத்தர் வாய்க்குள் ஒரு ஓரம் போகும். எச்சிலும் சாம்பாரும் மூக்குச்சளியும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவைக்கும். பரவைக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே, ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு நான் டீச்சர். மதுரையிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிறேன். மேலிடத்திலிருந்து வரும் புத்தகங்கள் வழவழப்பான தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆப்பிள், ஒட்டகம், கப்பல் என்று வரிசையாகப் படங்கள். எங்கள் பிள்ளைகள் அவற்றை ஒருமுறை பார்ப்பார்கள், மறுமுறை கடிப்பார்கள். நான் கத்துவேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போகவும் செய்யும். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால் ஒருத்தரும் என்னைச் சட்டை செய்வதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் அறை ஒழுகித் தரையெல்லாம் ஈரமாகிவிட்டது. எங்கள் வகுப்பு ஆயா எங்கிருந்தோ ஒரு பழைய பிளக்ஸ் பேனரை இழுத்துவந்து விரித்தார். யார் வீட்டுக் காதுகுத்துக்கோ வைத்தது. மதுரைப் பக்கத்துக் காதுகுத்து பிளக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடுவில் பாவம் அந்தக் குழந்தை, சுற்றிலும் தாய்மாமன், தாய்மாமனின் கூட்டாளிகள், கூட்டாளிகளின் கூலிங்கிளாஸ். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் பெயர். விசேஷம் முடிந்ததும் அது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வத்தல் காயப்போட விரிப்பாகும். லேசில் கிழியாது, நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அது எங்களுக்குப் பாயானது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன்மேல் குப்புறப் படுத்தார்கள். புத்தகத்தை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் அந்த முகங்களை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். அதில் ஒரு பெண், பரவையிலிருந்து வருபவள், ஒரு மீசைக்காரர்மேல் விரலை வைத்து "மாமா" என்றாள். அவர் அவளுக்கு மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. பிறகு விரலை மெல்லக் கீழே இறக்கி, அந்தக் கறுப்பு எழுத்துகளின்மேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இது என்ன என்று கேட்கும் பார்வை. அத்தனை வருடமாக நான்தான் எழுத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறேன். எழுத்தைக் காட்டி ஒரு பிள்ளை என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். பேச்சு தாமதமாக வந்தவள். அப்பா குட்டியானை வண்டி ஓட்டுகிறார், காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பார். அம்மா அதே மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போவார். ஒரு அக்கா, காலேஜ் முடித்தவள். சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அப்பா ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எழுத்து வரும் என்ற நம்பிக்கை மட்டும் அவருக்கு இல்லை. பாத்ரூம் போகச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது போதும் டீச்சர் என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அடுத்த வாரமே நான் ஒரு பிளக்ஸ் கடைக்குப் போனேன். போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். எங்கள் ஸ்கூல் வேன் வந்து நிற்பது, பிள்ளைகள் ஏறுவது, வழியில் ஆடுகள் குறுக்கே வருவது, டிரைவர் ஹாரன் அடிப்பது, பள்ளிக்கூட வாசல். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரே ஒரு வரி. கடைக்காரப் பையன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதில் தலைவர் படத்தை எந்த மூலையில் வைக்கட்டும் என்று கேட்டான். தலைவரே கிடையாது என்றேன். தலைவர் இல்லாத பிளக்ஸை அவன் அதுவரை அடித்ததில்லையாம். சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான்.

முதல் பிளக்ஸ் சுத்தமாக எடுபடவில்லை. ஆடு குறுக்கே வரும் படத்தில், பின்னால் இருந்த கரண்டு கம்பியில் ஒரு காக்கா. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. பிள்ளைகளுக்கு ஆடு கண்ணில் படவில்லை. "ஆடு வருது" என்ற வரியை நான் வாசிக்க வாசிக்க, அவர்கள் எல்லோரும் ஒருமுகமாகக் காக்கா காக்கா என்றார்கள். ஒருத்தன் அந்தக் கதையே காக்காவைப் பற்றியதுதான் என்று இன்றுவரை நம்புகிறான். அதன்பிறகு ஒரு படத்தில் ஒரு ஆள், ஒரு வேலை, பின்னால் வெறும் வெள்ளை என்று வைத்துக்கொண்டேன். கடைக்காரப் பையன் பொறுமையாகப் பின்புலத்தை அழித்துக் கொடுத்தான். பரவைக்காரியை இரண்டு மூன்று தடவை கடைக்கும் கூட்டிப்போனேன். தன் முகம் அந்தப் பெரிய மெஷினிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டு அவள் அவனைத் தெய்வம் மாதிரி பார்த்தாள்.

கதையைத் தரையில் விரிப்போம். பிள்ளைகள் அதன்மேல் நடந்து நடந்து படிக்க வேண்டும். முதல் படத்தில் நின்று முதல் வரி, அடுத்த படத்துக்கு நகர்ந்து அடுத்த வரி. எது முதலில், எது பிறகு என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியாது, நடந்தால் புரியும். இட்லி சாப்பிடும் படம் வந்தால் மட்டும் ஒருத்தன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். கதை அதற்குமேல் நகராது.

இதற்குப் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பு வந்தது. எழுத்தை மிதிக்கலாமா டீச்சர், சரஸ்வதி இல்லையா என்றார் ஒரு அம்மா. நான் பைபிள் வாசிக்கும் வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் தாளில் கால்பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் என் கை சும்மா இருந்ததில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. படத்தில் நிற்கலாம், எழுத்தில் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டம் செய்த வேலையை என் படிப்பும் பயிற்சியும் செய்ததில்லை. ஒருநாள் பரவைக்காரி கால் தவறி ஒரு வரியின்மேல் வைத்துவிட்டாள். உடனே குனிந்து, அந்த எழுத்துகளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் பூப்போட்ட கோடு ஒன்று இருந்தது, அதை மிதித்ததற்கு ஒன்றும் செய்யவில்லை. எது எழுத்து, எது வெறும் கோடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

ஒவ்வொரு பிளக்ஸின் இடது ஓரத்திலும் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் முகமும் பெயரும் இருக்கும். கதை தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதுவரை கதை கிடையாது. புதுப் பிள்ளை யாராவது நடுவில் சேர்ந்தால் அதன் முகம் அதில் இருக்காது. அப்போது நான் வழக்கமாக ஒரு பொய் சொல்வேன். கடைக்கார அண்ணன் மறந்துவிட்டார், நாம் ஒட்டிக்கொள்ளலாம் என்பேன். போட்டோவை ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதி, எல்லோரும் கைதட்டுவோம்.

ஒரு கட்டத்தில் பரவைக்காரி எல்லா வரியையும் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். நான் தலைகால் புரியாமல் ஆடினேன். அவளுடைய வீட்டைப் பற்றி ஒரு கதையே அடித்திருந்தேன். அம்மா தக்காளி எடுக்கிறாள், அப்பா வண்டி ஓட்டுகிறார், அக்கா பூக் கட்டுகிறாள். ஒருநாள் யாரோ புத்தகப்பையை அக்கா படத்தின்மேல் வைத்துவிட்டார்கள். வரி மட்டும்தான் தெரிகிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. பையை நகர்த்தியதும் சரளமாக வந்தது. இத்தனை நாளும் அவள் படித்தது அக்காவின் முகத்தை, எழுத்தை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு துண்டு வாங்கினேன். படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே மேலே மூடிக்கொண்டு போவது. முதலில் அக்காவின் பாதம் மட்டும் மறையும். சில வாரம் கழித்து இடுப்பு வரை. பிறகு கையில் இருக்கும் பூ. முகம் மறையும் கட்டம் வந்தபோது அவள் துண்டுக்குள் கையைவிட்டுத் தூக்கிப் பார்ப்பாள். தூக்கக் கூடாது என்றால் அழுவாள். அழட்டும் என்று விட மனம் வராது, கொஞ்சம் இறக்கிவிடுவேன். மறுநாள் திரும்ப ஏற்றுவேன். எனக்கு இதில் இருந்த பொறுமை கொஞ்சம்தான், அவளுக்கு இருந்தது மலையளவு. வேறு யாராக இருந்தாலும் போங்கடா என்று எழுந்து போயிருப்பார்கள். அவள் தினமும் வந்தாள், தினமும் தோற்றாள், தினமும் அந்தத் துண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஒரு தை மாதக் காலை, முழுக்க மூடிய படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எழுத்தை விரலால் தடவிக்கொண்டே "அக்கா... பூக்... கட்டுகிறாள்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. துண்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே அக்கா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் வேலையில் நான் கண்ட பெரிய காட்சி அதுதான்.

பிறகு அவள் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கத் தொடங்கினாள். பஸ் போர்டு, பிஸ்கட் கவர், சுவர் விளம்பரம், எல்லாம். எங்கள் கதைகளில் ஒரு முகம் இருந்தால் கீழே அந்த ஆள் ஏதாவது செய்துகொண்டிருப்பார். ரோட்டு பிளக்ஸிலோ வெறும் பெயர்தான். அது அவளுக்குப் பொறுக்காது. பெயரைப் படித்துவிட்டுத் தானே ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள். பெரிய தலைவர் ஒருவர் எங்கள் ரோட்டு ஓரத்தில் மாதக் கணக்கில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவள் அவர் பெயரைச் சுத்தமாகப் படித்து, "சும்மா நிக்கிறார்" என்று சேர்த்துக்கொள்வாள்.

அவளுக்குப் பதினேழு வயது நடக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பேரையூர்ப் பக்கம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. அக்கா பக்கத்தில் மேடையில் தான் நிற்கப்போவதாக வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள், கைகழுவும்போது சொன்னாள். இட்லிக்காரனிடம் சொன்னபோது அவன் கல்யாணத்தில் இட்லி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது அவள் அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காபி போடச் சொன்னேன். அம்மாதான் பேச்சை எடுத்தார். கல்யாணத்தன்றைக்கு மட்டும் சின்னவளை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டில் தங்களுக்கு ஒரே பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு தங்கை இருக்கிறாள் என்று தெரிந்தால், இது ரத்தத்தில் வருவதோ, நாளைக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமோ என்று பின்வாங்கிவிடுவார்கள். முன்னால் இரண்டு இடம் அப்படித்தான் தட்டிப்போயிருக்கிறது. பெரியவளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

நான் சும்மா இருப்பேனா. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நீங்க படிப்பச் சொல்லிக் குடுங்க டீச்சர். ரெண்டு பொண்ணுல ஒருத்தியவாச்சும் நான் கரையேத்திட்டுப் போறேன்."

வைத்துக்கொள்கிறேன், ஆனால் நீ கல்யாணத்துக்கு வரக்கூடாது என்பதை நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன் என்றேன். சரி என்று போனார்கள். சொல்லவில்லை. அவள் தினமும் வந்து மேடையில் நிற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் தினமும் அந்த அப்பாவை மனசுக்குள் திட்டினேன், அவர் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், வேன் பஞ்சராகிவிட்டது. அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பரவைக்குப் போனேன். அவர்கள் தெருமுனையில் கல்யாண பிளக்ஸ் கட்டியாயிற்று. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், மேலே குலசாமி. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகச் சொந்தபந்தம், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். வண்டி ஸ்டாண்டு நண்பர்கள் எல்லோரும் இருந்தார்கள். காலமாகிவிட்ட பெரியப்பாவுக்குக்கூட மாலை போட்டு ஒரு வட்டம் ஒதுக்கியிருந்தார்கள்.

நிறுத்துங்க டீச்சர் என்று என் தோளைத் தட்டினாள். நிறுத்தாமல் போயிருக்கலாம். கை தானாக பிரேக்கைப் பிடித்துவிட்டது. இறங்கி ஓடிப்போய் அண்ணாந்து நின்றாள். எட்டும் இடத்தில் விரலை வைத்து, எட்டாத இடத்தில் விரலை நீட்டி, இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள். என் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே. எனக்கு அவளைவிட வேகமாகப் படிக்கத் தெரியும் அல்லவா. அவள் இரண்டாவது வரிசையில் இருக்கும்போதே நான் கடைசி வரிசையை முடித்துவிட்டேன். அவள் இல்லை. போகலாம் வா, நேரமாச்சு என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்க டீச்சர். இன்னும் என்னையக் காணல."

மாமா பெயரைப் படித்தாள், சித்தப்பா பெயரைப் படித்தாள். கூலிங்கிளாஸ்காரர்கள் அத்தனை பேரையும் எழுத்துக் கூட்டி முடித்தாள். அம்மா பெயர் வந்தபோது சந்தோஷமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் வலது மூலையில், குட்டி எழுத்தில், பிளக்ஸ் கடையின் பெயர். அதையும் விடவில்லை. படித்து முடித்து, மறுபடி ஒருமுறை இடது ஓரத்தைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு, இப்போது அழுவாள், இப்போது அழுவாள் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், அப்பாவின் குட்டியானை எங்களுக்குப் பின்னால் எப்போதோ வந்து நின்றிருந்தது. பின்னால் வாடகைப் பாத்திரங்கள். எங்களையும் பிளக்ஸையும் பார்த்தவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அவள் வண்டியோரம் போய், கதவுமேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ப்பா, கடைக்கார அண்ணன் என்னைய மறந்துட்டாரு. அவரத் திட்டாதப்பா. பாவம், அம்புட்டுப் பேரு இருக்காகள்ல. நாம ஒட்டிக்கிருவோம்."

அந்த மனுஷரின் முகம் என்ன ஆனது என்று நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததை அவர் வண்டிக்குள் இருந்தே கேட்டிருக்கிறார். போர்டு, கவர் என்று அவள் வாசிப்பதை ஏதோ மனப்பாடம் என்று நினைத்திருந்தவருக்கு, அவள் உண்மையிலேயே படிப்பாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தான் மறைத்ததை அவள் படித்துக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கும் வேறு ஒருத்தரை மன்னித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மனசுக்குள் அப்பா அப்படிச் செய்வார் என்பதற்கு இடமே இல்லை. நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், சரி. இந்தப் புத்தியை யார் சொல்லிக்கொடுத்தது? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவள்முன் கைகூப்பத் தோன்றும்.

அவர் இறங்கி, போனை எடுத்து, அங்கேயே தெருமுனையில் நின்று சம்பந்திக்குப் போட்டார். "சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணு" என்று தொடங்கினார். சின்னவளைப் பற்றி, அவளுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்பதைப் பற்றி, இரண்டு இடம் தட்டிப்போனதைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னார். வீட்டில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சம்பந்தி வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் போனோம். பெரியவள் இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சேர் வந்தாயிற்று, சமையல்காரர் வந்தாயிற்று, இனி கல்யாணம் நின்றால் ஊரில் தலைகாட்ட முடியுமா என்று அழுதார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மட்டும் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா..." என்று நிறுத்தினார். பெரியவள்தான், அவங்கள ஒண்ணும் சொல்லாதம்மா, அப்பா பேசுனதுதான் சரி என்றாள். நிற்கப்போவது அவள் கல்யாணம்.

காத்திருந்தோம். அப்பா வாசலில் நின்றார். நான் கிளம்பவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஓரமாக இருந்தேன். சின்னவள் மட்டும் அக்காவின் மருதாணியைக் காய்வதற்கு ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யாரும் லைட்டைப் போடவில்லை.

டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெரியவளின் போன் அடித்தது. அவளால் எடுக்க முடியாது, கை நிறைய மருதாணி. அம்மா எழுந்திருக்கவே பயந்தார். நாங்கள் யாரும் அசைவதற்குள் சின்னவள் போய்ப் போனைக் கையில் எடுத்துவிட்டாள். திரையில் படம் ஏதும் இல்லை, வெறும் எழுத்து. விரலை அடியில் வைத்து, "அ... த்... தை. அத்தை" என்று படித்தாள். மாப்பிள்ளையின் அம்மா. பெரியவள் கொடு கொடு என்று பதறினாள். அதற்குள் அவள் பச்சையைத் தள்ளி, காதில் வைத்துவிட்டாள்.

"ஹலோ. அக்கா கையில மருதாணி. நான் தங்கச்சி."

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அவள் "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். "படிப்பேன்" என்றாள். "அப்பா அழுதாரு" என்றாள். வாசலில் நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவள் கொஞ்சம் யோசித்து, "மஞ்சள்" என்றாள். கடைசியாக "சரி அத்தை" என்று சொல்லிப் போனைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள்.

என்ன சொன்னாங்க என்று அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எங்கிட்ட மறச்சதுக்கு உங்கப்பாவ நேர்ல வந்து பேசிக்கிறேன்னாங்க. எனக்கு என்ன கலர் புடிக்கும்னு கேட்டாங்க. நாளைக்கு எனக்குத் துணி எடுக்கப் போறாங்களாம். எடுத்துட்டு வாரேன்னாங்க."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விம்மினார். அப்பா உள்ளே வரவே இல்லை, வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியவள் மருதாணிக் கையோடு தங்கையைக் கட்டிப்பிடிக்க, சட்டை முதுகெல்லாம் பச்சை அப்பிக்கொண்டது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வேறு ஏதோ அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்ததே இல்லை, எழுத்தை மட்டும் படித்தவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

"அக்கா, இந்த அத்தை யாரு?"

"நம்ம அத்தைடி" என்றாள் பெரியவள்.